வாசனை யாருக்காக? செம்பனைத் தோட்டத்திலிருந்து வேதிச் சூழலியல்: ஓர் எளிய அறிமுகம்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள குளுவாங் பட்டணத்தை விட்டு எந்தப் பக்கம் போனாலும் சற்று நேரத்தில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தொடங்கிவிடும். வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் நிரைக்குள் நடந்தால், எல்லா மரத்தடியிலும் இல்லாமல் ஒன்றிரண்டு மரங்களின் அருகில் மட்டும் சோம்பு வாசனை தூக்கலாக அடிக்கும். அண்ணாந்து பார்த்தால் மட்டையின் அடிப்பகுதியில் விரல் விரலாக விரிந்த ஆண் பூங்குலை தெரியும். எள்ளைவிடச் சற்றே பெரிய கரும்பழுப்பு வண்டுகள் அதில் கூட்டம் கூட்டமாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

அந்த வாசனையைத் தருவது எஸ்ட்ராகோல் என்ற மூலக்கூறு. சோம்பிலும் சில வகைத் துளசியிலும் இருக்கும் அதே பொருள்தான். மரம் அதைத் தயாரித்துக் காற்றில் விடுகிறது, வண்டு அதை முகர்ந்து வருகிறது, வந்த வண்டால் காய் பிடிக்கிறது. செடி, விலங்கு, மண், காற்று ஆகியவற்றுக்கு இடையே மூலக்கூறுகள் வழியாக நடக்கும் இத்தகைய பேச்சுவார்த்தையை ஆராயும் துறைதான் வேதிச் சூழலியல்.

செடி இடம் விட்டு நகராது. ஆடு கடிக்க வந்தால் ஓட முடியாது, துணை தேடிப் போக முடியாது. அதனால் தனக்கு ஆக வேண்டியதை வேதிப்பொருள்களை வைத்தே சாதித்துக்கொள்கிறது. செடிக்குள் இருக்கும் கசப்பு, காரம், மணம், நஞ்சு எல்லாம் வளர்சிதை மாற்றத்தில் மிஞ்சிய கழிவு என்றுதான் பலரும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். அவை பூச்சிகளை விரட்டவும் ஈர்க்கவும் உள்ளவை என்று பூச்சியியல் அறிஞர் கோட்ஃபிரீட் ஃபிரங்கல் 1959இல் அழுத்தமாக வாதிட்டார். ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து பெண்பூச்சி ஆணை அழைக்கும் பொருளை வேதியியல் அறிஞர் அடோல்ஃப் பூட்டனான்ட் பிரித்தெடுத்து அடையாளம் கண்டதும் அதே ஆண்டில்தான். ஓர் இனத்துக்குள் செய்தி சொல்லும் பொருளுக்கு ஃபெரோமோன் என்று பெயர் வைத்ததும் அந்த ஆண்டே.

ஓர் இனம் விடும் பொருள் வேறோர் இனத்தைப் போய்ச் சேரும்போது மூன்று பெயர்கள் வரும். விட்டவருக்கு லாபம் என்றால் அல்லோமோன். பெற்றவருக்கு லாபம் என்றால் கைரோமோன். இருவருக்கும் லாபம் என்றால் சைனோமோன். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யார் விடுகிறார், யார் முகர்கிறார், யாருக்கு லாபம் என்ற மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். ஒரே மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். தோட்டத்தில் பொறி வைப்பதும், மருந்து தெளிப்பதும், ஆட்டுக்குத் தழை போடுவதும் பலிக்காமல் போகும்போது, பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளில் ஒன்று கேட்கப்படாமல் விடப்பட்டிருக்கும்.

செம்பனைக்கே திரும்புவோம். அது மேற்கு ஆப்பிரிக்க மரம். மலாயாவுக்கு மரம் வந்தது, அதன் வண்டு வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைப் பரப்புகிறது என்ற நம்பிக்கையில், காய்ப்பு குறைந்த இடங்களில் ஆட்களை வைத்து, முகப்பூச்சு மாவு கலந்த மகரந்தத்தூளைப் பெண் பூக்களின்மேல் ஊதச் செய்தார்கள். சுற்றுச் சுற்றாக, ஒவ்வொரு பூவையும் தேடிப் போய்ச் செய்யவேண்டிய வேலை அது. கேமரூனிலிருந்து எலைடோபியஸ் கமெருனிகஸ் என்ற கூன்வண்டைக் கொண்டுவந்து, வேறு பயிர்களைத் தாக்காது என்று சோதித்த பிறகு, 1981இல் இதே குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். வண்டு பரவிய இடங்களில் காய்ப்பிடிப்பு உயர்ந்தது, ஊதும் வேலை தேவையற்றுப் போனது.

அந்த வண்டுக்கு மரம் தரும் கூலி ஆண் பூ. வண்டு அங்கே தின்று, இணைசேர்ந்து, முட்டையிடுகிறது. பூத்து ஓய்ந்த ஆண் பூவைத் தின்று புழு வளர்கிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் புதிய வண்டு வெளிவரும். பெண் பூவிலோ வண்டுக்கு எதுவும் இல்லை, முட்டையிடவும் முடியாது. ஆனாலும் பெண் பூ விரியும் நாள்களில் அதே எஸ்ட்ராகோலைக் குறைந்த அளவில் விடுகிறது. ஆண் பூ என்று எண்ணி வரும் வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. ஆண் பூவில் இருவருக்கும் லாபம் தரும் வாசனை, பெண் பூவில் மரத்துக்கு மட்டும் லாபம் தருகிறது. மூலக்கூறு ஒன்றேதான், உறவு வேறு.

இந்த ஏமாற்று எப்போதும் பலிப்பதில்லை. காய்க்கத் தொடங்கிய இளமரங்கள் பெண் பூக்களையே அதிகம் விடும். ஆண் பூ குறைந்தால் வண்டு பெருக இடமில்லை. அப்போது குலையை வெட்டிப் பார்த்தால் உள்பக்கத்துக் காய்கள் சுண்டி, வெளியில் மட்டும் பழுத்திருக்கும். தொடர்மழை நாள்களில் வண்டு பறப்பது குறையும். ஓய்ந்த ஆண் பூவைப் பிய்த்து உள்ளே இருக்கும் புழுக்களை எலி தின்னும். செம்பனை இலையைத் தின்னும் மூட்டைப்புழுவுக்காக அகலப்பரப்பில் வீரியமான பூச்சிமருந்து தெளித்தால் இந்த வண்டும் சேர்ந்தே சாகும். ஆகவே குலை எடை குறைந்தால், உரக்கணக்கைப் பார்க்கும் அதே நாளில் ஆண் பூக்களையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது வீட்டுக் கொல்லை. துளசி மாடத்தில் காலை எட்டு ஒன்பது மணிக்கு நாலைந்து இலைகளைக் கசக்கி ஒரு தட்டில் வைத்தால், சில வகைத் துளசிக்குச் சிறிது நேரத்திலேயே குளவி நிறத்தில் சிறிய ஈக்கள் வந்து நக்கத் தொடங்கும். அவை பழ ஈக்கள். கொய்யா, மாங்காய், பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஆகியவற்றுக்குள் புழு வைப்பவை. ஆனால் தட்டுக்கு வந்தவை அனைத்தும் ஆண்கள். துளசியில் உள்ள மெத்தில் யூஜினால் பழ ஈயின் ஆணை மட்டும் இழுக்கும். எல்லாத் துளசியிலும் அதன் அளவு ஒன்றல்ல, அதனால்தான் சில வீடுகளில் ஈ வரும், சில வீடுகளில் வராது. கொன்றைப் பூவிலும் இந்தப் பொருள் உண்டு.

ஆண் ஈ அதை ஏன் தேடி வருகிறது? பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் டான் கெங் ஹோங்கும் ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடாவும் இதற்கு அழகான விடை கண்டார்கள். ஈ நக்கிய மெத்தில் யூஜினால் அதன் உடம்பில் வேறு இரண்டு பொருள்களாக மாறி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்கிறது. அந்திநேரத்தில் ஆண் ஈ அதைக் காற்றில் விட்டுப் பெண்ணை அழைக்கிறது. நக்கிய ஆணுக்கு இணை கிடைக்கும் வாய்ப்பு நக்காத ஆணைவிட அதிகம். சுவர்ப்பல்லிகளும் அத்தகைய ஈயைத் தின்னத் தயங்குகின்றன. மலேசியக் காடுகளில் உள்ள புல்போஃபில்லம் செய்ரி என்ற ஆர்கிட் இந்த ஆசையையே பயன்படுத்திக்கொள்கிறது. தேன் எதுவும் தராமல் மெத்தில் யூஜினாலை மட்டும் பூவில் வைத்திருக்கிறது. ஈ உட்கார்ந்ததும் அசையும் இதழ் சாய்ந்து, மகரந்தப் பொதியை அதன் முதுகில் ஒட்டிவிடும்.

இனி பொறி. 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் மேல்பகுதியில் எதிரெதிராக இரண்டு சென்டிமீட்டர் துளைகள் இடுங்கள். உள்ளே கம்பியில் பஞ்சுருண்டை தொங்க வேண்டும். பஞ்சில் மெத்தில் யூஜினால் 1 முதல் 2 மில்லிலிட்டர், அதோடு சில துளி பூச்சிமருந்து. மருந்து சேர்க்காவிட்டால் ஈ நக்கிவிட்டுப் பறந்துவிடும், நீங்கள் அதற்கு இணை தேடிக் கொடுத்தவர் ஆவீர்கள். அடியில் சோப்புத் தண்ணீர் வைத்தாலும் ஓரளவு சிக்கும், ஆனால் குறைவு. நிழலில், தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் செத்த ஈக்களை எறும்பு எடுத்துப்போய்விடும், பொறி வேலை செய்யவில்லை என்று தோன்றும். கையுறை அவசியம். மெத்தில் யூஜினால் விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கிய பொருள்.

பொறியில் நூற்றுக்கணக்கில் ஈ விழுந்தும் பழத்தில் புழு குறையவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். காரணம் எளிது. பழத்தில் முட்டையிடுவது பெண். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஆகவே ஆண்களில் பத்தில் எட்டைப் பிடித்தாலும் மிச்சமுள்ள இரண்டு போதும். ஏறக்குறைய எல்லா ஆண்களையும் ஒழித்தால்தான் இந்த வழி பலிக்கும். பசிபிக் பெருங்கடலின் ரோட்டா தீவில் 1960களில் அப்படிச் செய்து பழ ஈயை ஒழித்தார்கள். அது தீவு, வெளியிலிருந்து ஈ வருவது அரிது. குளுவாங் கொல்லையில் அடுத்த வீட்டு மரத்திலிருந்து நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். இங்கே பொறியின் உண்மையான பயன் எச்சரிக்கை. விழும் எண்ணிக்கை ஏறத் தொடங்கும்போதே பிஞ்சுகளுக்குக் காகிதப்பை கட்டிவிட வேண்டும். கொய்யா கோலிக்குண்டு அளவைத் தாண்டியதும் கட்டுங்கள், பழம் மஞ்சளாகத் தொடங்கிய பிறகு கட்டுவதில் பயனில்லை. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டால் உள்ளிருக்கும் புழு சாகும். பெண் ஈக்கு வேண்டியது புரதம். முட்டை உருவாக அது தேவை என்பதால் புரத இரைக்கு அது வரும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. பாகற்கொடிக்கும் பீர்க்கங்கொடிக்கும் பக்கத்தில் மெத்தில் யூஜினால் பொறி தொங்கும். பாகற்காயைத் துளைப்பது வேறோர் ஈ, அதன் ஆண் மெத்தில் யூஜினாலைப் பொருட்படுத்தாது. அதற்குக் கியூலூர் என்ற வேறு பொருள் வேண்டும். விவசாயப் பொருள் கடையில் பழ ஈ மருந்து என்று பொதுவாகக் கேட்காமல், என்ன காய்க்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

காண்டாமிருக வண்டின் கதை சற்று வேறு. மறுநடவுப் பகுதிகளில் இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும் இந்த வண்டில், ஆண் விடும் எத்தில் 4-மெத்தில்ஆக்டனோயேட் ஆண் பெண் இரண்டையும் கூட்டுகிறது. அதனால் இங்கே பொறி பெண்ணையும் பிடிக்கும், அதுதான் பெரிய அனுகூலம். வாளி, அதன்மேல் குறுக்காக நிற்கும் இரண்டு தகடுகள், நடுவில் அந்த வாசனைப் பொருளின் பொட்டலம். பறந்து வரும் வண்டு தகட்டில் மோதி வாளிக்குள் விழும். தகடு இல்லாத வாளியில் வண்டு சுற்றிவிட்டுப் பக்கத்து மரத்தில் இறங்கும். வாளி அடியில் துளையில்லாவிட்டால் மழைநீர் நிறைந்து வண்டு மிதந்து ஏறிவிடும். இரண்டு ஹெக்டருக்கு ஒரு பொறி என்பது வழக்கமான கணக்கு. எவ்வளவு பொறி வைத்தாலும், மக்கும் பழைய தண்டுகளும் ஆலையிலிருந்து வந்த வெறுங்குலைக் குவியல்களும் திறந்து கிடந்தால் புழு அங்கே வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதுவரை அழைக்கும் வாசனைகள். விரட்டும் பொருள்களுக்கு மரவள்ளியைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் எத்தனையோ வயிறுகளை நிரப்பிய கிழங்கு, தன்னைக் கடிப்பவனுக்குச் சயனைடு வைத்திருக்கிறது. லினமாரின் என்ற பொருள் உயிரணுவின் நீர்ப்பையில் இருக்கும். அதை உடைக்கும் நொதி அணுச்சுவரில் இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் போலத்தான், தனித்தனியே இருக்கும்வரை ஒன்றுமில்லை, கலந்தால்தான் சிவக்கும். பல் பட்டு அணு நசுங்கியதும் இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படும். தனக்கே நஞ்சாகாமல் காத்துக்கொள்ளவே செடி இப்படிப் பிரித்து வைத்திருக்கிறது.

சமையல் இந்த வேதியியலைப் பின்பற்றினால் அச்சமில்லை. தோலில் நஞ்சு அதிகம், உள்தோலோடு சேர்த்துச் சீவுங்கள். சிறு துண்டுகளாக நறுக்கி நிறைய தண்ணீரில் ஊறவிடுங்கள். கொதிக்கும் நீரில் பெரிய துண்டுகளைச் சட்டென்று போடுவது தவறு. 70 பாகை செல்சியசைத் தாண்டியதும் நொதி செத்துவிடும், ஆனால் லினமாரின் வெப்பத்தில் உடையாமல் கிழங்கிலேயே தங்கிவிடும். குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். ஹைட்ரஜன் சயனைடு 26 பாகையிலேயே ஆவியாகும் பொருள், மூடியைத் திறந்து வைத்து வேகவைத்தால் வெளியேறிவிடும். வெந்த நீரை ஊற்றிவிடுங்கள், குழம்பில் சேர்க்க வேண்டாம். ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தருவதை இனிப்பு வகை என்பார்கள். கசந்தால் அதிகம் என்பது பொதுவாகச் சரி, ஆனால் நாக்கை மட்டும் நம்பக் கூடாது. கீரையாகச் சமைக்கும் இலையை முதலில் இடித்துக்கொண்டால் நஞ்சு விரைவில் போகும்.

ஆடு மாடு வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே லினமாரினை உடைத்துவிடும். அதனால் பசியோடு இருக்கும் ஆட்டுக்குப் பச்சை மரவள்ளித் தழையைக் குவித்துப் போடுவது ஆபத்து. மூச்சு வாங்குவது, தள்ளாடுவது, ஈறு வழக்கத்தைவிடச் செக்கச்செவேலென்று இருப்பது அறிகுறிகள். காத்திருக்க நேரமில்லை, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தழையை நறுக்கி மெல்லியதாகப் பரப்பி நொறுங்கும்படி காயவைத்தே கொடுங்கள். அரைவாட்டமாக வாடியது போதாது.

ரப்பரும் மரவள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்ததே, இலையிலும் கொட்டையிலும் அதே லினமாரின் உண்டு. இங்கேதான் எங்களுக்கு மிகவும் பிடித்த பாடம் இருக்கிறது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோயைத் தரும் பூசணம் ரப்பர் இலையைத் துளைக்கும்போது சயனைடு வெளிப்படுகிறது. பூசணத்துக்கு அதனால் பெரிய தொல்லையில்லை, அது சயனைடைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் இலை பூசணத்துக்கு எதிராகத் தயாரிக்கும் ஸ்கோபோலெட்டின் என்ற தற்காப்புப் பொருளின் உற்பத்தியை அதே சயனைடு முடக்கிவிடுகிறது. சயனைடு அதிகம் விடும் ரப்பர் வகைகள் இந்த நோயில் கூடுதலாக அடிபடுகின்றன. ஆட்டுக்கு எதிரான கவசம் பூசணத்துக்கு உதவியாகிவிட்டது. அந்த நோய் மலேசியாவுக்குள் வராமலிருக்கத் தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடிகளிலும் பயணிகளிடமும் கடுமையான தடுப்புக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கறிவேப்பிலையிலும் இந்தத் திருப்பத்தைக் காணலாம். பெரும்பாலான பூச்சிகள் ஒதுங்கும் அந்த இலையின் வேதிப்பொருள்களே, கறுப்பு வண்ணத்துப்பூச்சியான பப்பிலியோ பாலிட்டஸுக்கு முகவரி ஆகின்றன. பெண் பூச்சி இலையில் முன்னங்காலைத் தட்டிச் சுவை பார்த்தே முட்டையிடுகிறது. அதன் புழுவைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற உறுப்பு நீண்டு, காரமான நாற்றம் அடிக்கும். முற்றிய புழுவில் அந்த நாற்றம் ஐசோபியூட்டிரிக் போன்ற அமிலங்களால் வருவது. எறும்புகளுக்கு அது பிடிக்காது.

மிளகாயைப் பற்றி ஒரு வரி. கேப்சைசின் நம் நாக்கில் எரிச்சலுணரும் புலனைத் தூண்டுகிறது, பறவைகளின் புலன் அதற்கு அசைவதில்லை. விதையை மென்று கெடுக்கும் எலி ஒதுங்குகிறது, விழுங்கி எச்சமிடும் பறவை தின்கிறது. வேலியோரத்தில் யாரும் விதைக்காத சிலி பாடி என்ற சிறு மிளகாய் முளைப்பது அப்படித்தான்.

புல்வெட்டும் இயந்திரம் ஓடியதும் வரும் பச்சை வாசனையும் ஒரு செய்தியே. அறுபட்ட இலையில் கொழுப்பு உடைந்து ஹெக்சனால் போன்ற ஆறு கார்பன் சேர்மங்கள் கிளம்புகின்றன. புழு கடித்தால் கலவை மாறும். மக்காச்சோள இலையைக் கடிக்கும் புழுவின் எச்சிலில் உள்ள வோலிசிட்டின் என்ற பொருள் பட்டதும், அந்தச் செடி வேறு வகை வாசனைகளை விட்டு, புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிகளை அழைக்கிறது என்று 1990களில் கண்டார்கள். வாசனை குளவியைக் கொண்டுவந்து சேர்க்கும், அதற்குச் சோறு போடாது. செம்பனைச் சாலையோரங்களில் டர்னெராவையும் கொடிரோஜாவையும் நட்டு வைப்பது அதற்காகத்தான். மூட்டைப்புழுவைத் தாக்கும் குளவிகள் அந்தப் பூக்களின் தேனைக் குடித்துக் கூடுதல் நாள் வாழும். சாலையோரம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்த வரிசைக்கும் களைக்கொல்லி அடித்துவிடுவது பெரும் இழப்பு.

கடைசியாக மண். மறுநடவில் போடும் பியுராரியா, முக்குனா போன்ற மூடுபயிர்க் கொடிகளின் வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருள்களைக் கசியவிடும். மண்ணிலுள்ள ரைசோபியம் பாக்டீரியா அதை உணர்ந்து, பதிலுக்குத் தன் சமிக்ஞைப் பொருளை அனுப்பும். இரண்டும் பொருந்தினால்தான் வேர் தன் தூவியை வளைத்துப் பாக்டீரியாவை உள்ளே விட்டு முடிச்சு கட்டும். காற்றிலுள்ள நைட்ரஜன் அங்கே உரமாகிறது. பொருந்தாத பாக்டீரியாவுக்குக் கதவு திறக்காது, அதனால் மூடுபயிர் புதிதாக வரும் நிலத்தில் விதையோடு தகுந்த ரைசோபியத்தைக் கலந்து விதைக்கிறார்கள்.

கொடி வெளிறி நின்றால் உடனே யூரியா போடத் தோன்றும். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் செடி அழைப்பைக் குறைத்துக்கொள்ளும், முடிச்சும் குறையும். முதலில் ஒரு கொடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரை அலசுங்கள். முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, அது நம் இரத்தத்திலுள்ளதைப் போன்ற ஒரு புரதத்தின் நிறம். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது. வெள்ளையாகச் சிறுத்து நிறைய இருந்தால் பொருந்தாத பாக்டீரியாவாக இருக்கலாம். முடிச்சே இல்லாவிட்டால் மண்ணின் அமிலத்தன்மையைச் சோதித்து, பாஸ்பேட்டும் மாலிப்டினமும் போதுமான அளவு உள்ளனவா என்று பார்த்த பிறகு யூரியாவைப் பற்றி முடிவு செய்யுங்கள்.